கதவிடுக்கில் உயிரெழுத்து

ஜெரால்டன் துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை.
கோதுமை ஏற்றும் கப்பல் மேடையோடு அணைந்து நிற்கிறது.
காற்று இல்லை. உள்ளே தண்ணீர்
எண்ணெய் வைத்து வாரிய தலைபோல் படிந்திருக்கிறது.
ஆனாலும் கயிறுகள் முனகுகின்றன.

திரையில் ஒரு கோடு
மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது:
எண்பது வினாடிக்கு ஒரு மூச்சு.
உயரம் ஒரு சாண்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது.
நாற்பதாயிரம் டன்னை
முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பார்க்கிறது.

குட்டை அலைகள் வெளியே கல்லில் மோதி
நுரைத்துச் சண்டைபிடித்து முடிந்துபோயின.
இந்த நெட்டலைதான்
தடுப்புச் சுவரின் மூக்கைச் சுற்றி
உடம்பை வளைத்து உள்ளே வந்துவிட்டது.
இவ்வளவு நீளமானதற்கு
மூலை ஒரு பொருட்டே இல்லை.

வாயிலை இன்னும் ஒடுக்கினால் என்ன என்று
சேர்ந்த புதிதில் கேட்டேன்.
க்ளென் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னான்:
ஒடுக்கு, குறைவாய்த்தான் வரும்.
வந்தது ஆனால் மூலைமுடுக்கெல்லாம் போகும்.
அகன்ற வாயில் புகுந்தது நேரே போய்விடும்,
இடுக்கில் நுழைந்தது
விசிறியாய் விரியும்.

பிறகு எறிகயிறு ஒன்றைத் தூணில் கட்டி
இந்த நுனியைச் சுண்டினான்.
மேடாய் ஓடிய வளைவு
கட்டிய இடத்தில் முட்டி
குழியாய்த் திரும்பி வந்தது.
கட்டை அவிழ்த்துச் சுண்டினால்
மேடு மேடாகவே வருமாம்.
நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

போன மாதம்
இங்கேயே ஒரு வீடு வாங்குவமா என்று
தயாபரனைக் கேட்டேன்.
குழியாய்த்தான் திரும்பி வந்தது.

காலை ஆறே கால். பீச்லாண்ட்ஸ் வாடகை வீடு.
அறைக்கதவு ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது.
உள்ளே அவன் ஃபோனில் கதைக்கிறான்.
சப்பாத்தைக் கழற்றாமல்
கூடத்துச் சுவரோரம் நிற்கிறேன்.

மின்விளக்கின் வெளிச்சம்
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல்
தரையில் ஒரே கோடாய் விழுகிறது.
அதன் அலை அத்தனை குட்டை, வளையத் தெரியாது.
அவன் பேச்சின் ச-வும் ட்-டும் க்-கும்
அதற்குத் தூரத்துச் சொந்தம்:
கதவின் விளிம்பு வரை வந்து
நேரே எதிர்ச்சுவருக்குப் போய்விடுகின்றன.
என் பக்கம் திரும்பி வருவது
ஆ, ஓ, ஒரு நீண்ட ஏ, மறுபடி ஓ.
முதலாம் வகுப்பில் பன்னிரண்டாய்ப் பாடமாக்கியவை மட்டும்.

உயிர் வளைந்து வரும்.
மெய் அறைக்குள்ளேயே நின்றுவிடும்.

ஓ என்றால் போ-வா, போதுமா?
ஆ என்றால் வா-வா, மாட்டேனா, காசா?
அந்த ஏ
பேர்த்தா, வேலையா, வேறேதுமா?
அம்மாவுக்கு அவனிடம் ஒரு குரல் இருக்கிறது,
வங்கிக்கு ஒன்று, கார் திருத்துகிற ரொட்னிக்கு ஒன்று.
இது அவற்றில் இல்லை.
தாழ்ந்து, நிதானமாய்,
கயிறுகளை முனகவைக்கிற குரல்.

கதவைத் தள்ளலாம்.
அகலத் திறந்தால் விளிம்பு ஏது,
எல்லா எழுத்தும் நேரே வந்து முகத்தில் விழும்.
என் கை
பையின் வாரைப் பிடித்தபடி இருக்கிறது.

பிறகு அமைதி.
தரைக்கோடு அகன்று பலகையாகி
என் சப்பாத்தின் மேல் ஏறுகிறது.
எப்ப வந்தனீ என்கிறான்.
இப்பதான் என்கிறேன்.
எல்லா எழுத்தும் இருக்கிறது அதில்,
மெய்யைத் தவிர.

தேத்தண்ணி போடட்டா என்கிறான்.
கேத்தல் கொதிக்கும்வரை
மேசைக்கு இரண்டு கரையிலும் இருக்கிறோம்.
நடுவே கிளாசில் பாதித் தண்ணீர்.
அதில் ஒரு வட்டம் எழுந்து
விளிம்பில் முட்டித் திரும்பி
வரும் வட்டத்தை ஊடுருவிப் போகிறது.
மேசைக்கடியில்
யாரோ கால் ஆட்டுகிறோம்.