இதர

எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் மூச்சு வாங்கும் இடத்தில்
என் இ-சேவை மையம்.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
மத்தியானமானால் காணாமல் போகும் கரண்ட்.

புகார்ப் படிவம் பேர் கேட்கும், போன் நம்பர் கேட்கும்,
தெரு எது என்று கேட்கும்.
அம்புக்குறியை அழுத்தினால்
அகரவரிசையில் இறங்கும் தெருக்கள்.
கருவாட்டுக்கல் சந்து அதில் இல்லை.

"நல்லா தேடு. நாப்பது வருசமா அங்கதான கீறோம்."
இறால் வாசத்தோடு குனிந்தாள் திரவியமேரி அக்கா.
தேடினேன்.
ஒரே தலைவர் மூன்று தெருவில் இருந்தார்.
மூடிப்போன கம்பெனிக்கும் ஒரு தெரு இருந்தது.
எல்லாவற்றுக்கும் அடியில்
இதர.
"அதப் போடு. பேரு இன்னாவா இருந்தா இன்னா,
தண்ணி வரட்டும்."

ஒன்பதாம் நாள் குறுஞ்செய்தி வந்தது:
தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.
குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது.
கெட்ட மீனைத் திருப்பிக் கொடுப்பவள்போல
போனை என் மேசையில் வைத்தாள் அக்கா.

மறுபடி போட்டோம்.
கம்பத்தில் விளக்கில்லை என்று நாகூரான் வந்தான். இதர.
சாம்பல் குழாய் உடைந்து வாசலெல்லாம் சேறு,
இடுப்பில் பிள்ளையோடு சுகந்தி. இதர.
ஏழாவது ஆளோடு காசு வாங்குவதை நிறுத்தினேன்
(பெருமைக்குச் சொல்லவில்லை, சில்லறை இல்லை).
கார்த்திகைக்குள் எழுபத்தெட்டு.

பகுதி சபைக் கூட்டத்தில்
உதவிப் பொறியாளர் ஒரு தாளை வாசித்தார்,
அதிகப் புகார் வந்த தெருக்கள்.
முதலிடம், இதர.
கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நம்ம வார்டுல இந்த இதரத் தெரு எங்கய்யா கீது?"

நாற்காலி கிடைக்காமல்
சுவரோரம் நின்றவர்களின் கைகள் எழுந்தன,
ஒன்று, நாலு,
பிறகு எண்ண முடியவில்லை.
அக்கா கை தூக்கவில்லை.
நேரே முன்னால் போய்
பொறியாளரிடம் பேனா கேட்டாள்.

தண்ணீர் இன்னும் குழாயில் வரவில்லை.
லாரியில் வருகிறது, சனிக்கிழமை மட்டும்.
இன்று காலை சும்மா அம்புக்குறியை அழுத்தினேன்,
கருவாட்டுகல் சந்து.
அக்காவுக்குப் போன் போட்டேன்.
"லிஸ்ட்ல வந்துடுச்சுக்கா. ஆனா நடுவுல
ஒரு எழுத்த வுட்டுட்டாங்க."

கத்தி இறாலில் ஓடும் சத்தம்
கொஞ்சம் நின்றது.
"அதுக்கும் ஒண்ணு போடு."