புருவம்

சேஹா, சேஹா, சேஹா என்று
பதினோரு வருடம் ஜன்னலுக்கு வெளியே கத்தியிருக்கிறேன்.
எல் ஆல்டோவில் எங்கள் மினிபஸ்ஸுக்கு அதுதான் கடைசி நிறுத்தம்,
ஊர் முடிந்து லா பாஸ் பள்ளத்துக்குள் சரிகிற விளிம்பு.
சேஹா என்றால் புருவம்.

வெளியே கத்துவது பயணிகளுக்கு.
உள்ளே, பல்லிடுக்கில், அண்ணனுக்கு:
சிவப்பு. பள்ளம். கிழவி. நிறுத்து.
இப்போ போ.

உரிமம் புதுப்பிக்க வேண்டிய வருடம்
பலகையின் எழுத்துகளை நான்தான் போய்ப் பார்த்து வந்தேன்.
அடுப்படியில் ராத்திரி ராத்திரியாக ஒப்பித்தான்
ஐம்பத்தெட்டு வயது சபினோ டிக்கோனா,
வாய்ப்பாடு சொல்லும் பையன் மாதிரி:
ஈ, எஃப், பி, டி, ஓ.
முதல் தடவையிலேயே தேறினான்.
எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு நாள்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், கத்தவில்லை.
மூட்டை என்று அவன் நினைத்தது
குனிந்து செருப்பு வார் மாட்டிய ஒரு பையன்.
பையன் துள்ளி எழுந்து ஓடிவிட்டான்.
விளக்கின் தூசியில் அவன் புத்தகப் பை உரசிய கோடு மட்டும்.
அண்ணன் நடுரோட்டில் எஞ்சினை அணைத்தான்.
பின்னால் தெருவே ஹாரன் அடித்தது.
சாவியை என் மடியில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் அன்று பதினெட்டுப் பேர்,
நீளப் பெஞ்சில், காகிதத் தொப்பியும் காகிதக் காலுறையுமாக.
ஒரு அம்மாள் தன் வட்டத் தொப்பியைக் கழற்றியதே பெரிய காரியம்;
அதைக் கோழி மாதிரி மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள்.
எந்தக் கண், எந்தக் கண் என்று கேட்டுக்கொண்டே
நர்ஸ் ஒவ்வொரு புருவத்துக்கு மேலும்
ஊதா மையில் அம்புக்குறி போட்டு வந்தாள்.
சேஹா, என்றேன் என்னையறியாமல்.
பெஞ்சில் பாதிப் பேர் சிரித்தார்கள்.
என் வண்டியில் வந்தவர்கள் போலிருக்கிறது.

இருபது நிமிடம்.
டாக்டர் வல்வெர்தே எடுத்ததைக் காட்டினார்:
தேநீரில் ஊறின பருப்பு.
இத்தனூண்டா?
இதைச் சுற்றியா
இத்தனை வருடம் வண்டி ஓட்டினோம்?

மறுநாள் கட்டைப் பிரித்து, எதிரே பார்த்து வாசியுங்கள் என்றார்.
ஈ, எஃப், பி, டி, ஓ, மூச்சு விடாமல்.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம்தான் அண்ணன் பார்த்தான்.
அந்தப் பலகையில் எழுத்தே இல்லை,
இடம் வலம் மேல் கீழ் என்று திரும்பி நிற்கும் முள்கரண்டிகள்.
அவன் காது மடல் சிவந்தது. என்னுடையதும்.
கையைத் தூக்கி ஒவ்வொரு கரண்டியாகத் திசை காட்டினான்,
கடைசிக்கு முந்தின வரி வரை.

வாசலில் எங்கள் வண்டி.
நீல வண்டி.
கம்பத்தில் உரசிய முன்கதவுக்கு
அவனே கடைக்குப் போய் அவனே பூசின பெயிண்ட்
பச்சை.
ரியோ செக்கோ தடத்தில் எங்களுக்குக் கிளி என்று பேர்.
நான் ஓயாமல் கத்துவதால் என்றே நினைத்திருந்தான்.

கதவைத் தடவிக்கொண்டு கேட்டான்,
ஏன் சொல்லலை?

சிவப்பு சொன்னேன், பள்ளம் சொன்னேன்.
இதற்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் சொட்டு மருந்து, அப்புறம் வண்டி.
பச்சையை அவன் இன்னும் மாற்றவில்லை.
முதல் சிக்னலில் வாய் திறக்கிறேன்,
வண்டி ஏற்கெனவே நின்றிருக்கிறது.
வலது கண்ணுக்கு நவம்பரில் தேதி.
அதுவரை வலப்பக்கம் என் பொறுப்பு:
நாய். சைக்கிள்.
ஒரு பையன், அண்ணா, ஒரு பையன்,
மெதுவா.