பத்துக் கிலோ ஓம்

வேதாளைக்குத் தெற்கே தகரக் கூரையின் கீழ்
எட்டுத் தொட்டிகள்.
ஆறாவதில், பதினோரு நாள் வயதில்
கடல்விரால் குஞ்சுகள், குருணை அளவு.
எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை,
பலகையில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தது.

"சுவிட்சப் போட்டா சாகுதுக்கா" என்றான் கித்தேரியான்.
இருட்டுக்குள் திடீரென வெளிச்சம் விழுந்தால்
தெறித்தோடிச் சுவரில் முட்டிக்கொள்கின்றனவாம்.
"ஒரு விடியல் வேணும். அரை மணி நேரத்துக்கு."
மதுரையில் நாற்பதாயிரம் கேட்டார்களாம்.
நான் இரண்டாயிரத்து நானூறு என்றேன்.
சீனி கதீஜா கணக்குப் புத்தகத்திலிருந்து
தலை தூக்காமல்
இரண்டாயிரம் என்றார்.

டிரைவர் பலகையைப் பிரித்தேன்.
உப்புக் காற்று எனக்கு முன்பே உள்ளே போய்ச்
செம்பைப் பச்சை பூக்க வைத்திருந்தது.
ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியுமாகத் தேய்த்ததில்
எட்டுக்கால் சிப்பின் மூன்றாம் கால் தெரிந்தது.
இதுவரை யாரும் அதனோடு பேசியதில்லை.
அதிலிருந்து மயிரிழைக் கம்பி ஒன்று,
மறுமுனையில் கட்டைவிரல் நகமளவு மைக்ரோகன்ட்ரோலர்,
நேரம் மறக்காதிருக்க ஒரு பொத்தான் பேட்டரி.

மங்கல் என்று ஒன்று கிடையாது.
வினாடிக்கு ஆயிரம் முறை எரிகிறது, அணைகிறது.
எவ்வளவு எரிந்தது, எவ்வளவு அணைந்தது என்று
கூட்டிக் கழித்து
கண்தான் அதற்கு அந்தி என்று பெயர் வைக்கிறது.

கண்ணும் யோக்கியமில்லை.
பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏறினால் அதற்கு இடி விழுந்த மாதிரி,
இருநூறிலிருந்து இருநூற்றொன்றோ
கவனத்துக்கே வராது.
ஆகவே ஏணியை வளைத்தேன்,
கீழ்ப்படிகள் நெருக்கமாக, மேலே போகப் போகத் தாவல்.
மனிதக் கண்ணுக்கான வளைவு அது.
மீனின் கண்ணுக்கு எது என்று
நான் தேடிய எந்தத் தாளிலும் இல்லை.
அரை மணியை முக்கால் மணி ஆக்கினேன்.

மூன்று நாள் ஒழுங்காக விடிந்தது.

நான்காம் இரவு கச்சான் காற்றில் கம்பி உரசி
இரண்டே காலுக்கு மின்சாரம் போனது.
போனதில் ஒன்றுமில்லை. வந்ததில்தான்.

மைக்ரோகன்ட்ரோலர் விழித்து,
தான் யார் என்று நினைவு வர
அரை வினாடி ஆகும்.
அந்த அரை வினாடி அதன் கால்
எதையும் பிடிக்காமல் தொங்கியது.
டிரைவரின் சட்டமோ வேறு.
யாரும் எதுவும் சொல்லாவிட்டால்
முழு வெளிச்சம்.

தரவுத்தாளின் ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.
கீழே பென்சில் கோடு கூட இருக்கிறது.
என் கோடுதான்.

காலையில் கித்தேரியான் சைபன் குழாயால்
தொட்டியின் அடியை உறிஞ்சி
நீல வாளியில் விட்டு என் முன்னால் வைத்தான்.
வெளிறிய பொடி மாதிரி இருந்தது.
குனிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.
அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.
ஒரு ரூபாய்கூடப் பெறாத மின்தடை.
அந்தக் காலிலிருந்து தரைக்கு வைத்துப் பற்றவைத்தேன்.
ஆள் வந்து சொல்லும்வரை இருட்டாகவே இரு
என்பதை அதற்கு வேறு எப்படியும் சொல்ல முடியாது.

காலித் தொட்டியின் மேல் விளக்கை மாட்டி
மெயினை அணைத்துப் போட்டோம்.
அணைத்துப் போட்டோம்.
பதினேழாவது முறைக்குப் பிறகு
கித்தேரியான் எண்ணுவதை விட்டான், நான் விடவில்லை.

சீனி கதீஜா ஆயிரத்து இருநூறு கொடுத்தார்.
மீதி கேட்கவில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்கு
ஆறாம் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தோம்.
"ஆரம்பிச்சிருச்சா?"
தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.
காற்றுக்குமிழிகளின் சத்தம் மட்டும்.
பிறகு வடக்கு மூலையில்
தண்ணீரின் தோல் லேசாகச் சிலிர்த்தது,
எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டவை
மேலே வந்துகொண்டிருந்தன.