அடிப்பாரம்

தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரம்.
பாசிர் பாஞ்சாங் முனையம், இரவு ஷிஃப்ட்.
காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
பெட்டியைத் தூக்கியதும் திரையில் எண் வரும்:
இருபத்தாறு டன். பதினெட்டு. நான்கு.
உள்ளே என்ன என்று யாரும் சொல்வதில்லை.
எடை தெரிந்தால் போதும், என் வேலைக்கு.

என் எண் தொண்ணூற்று நான்கு.
சர்க்கரைக்கு நேராக நர்ஸ் மஞ்சள் வட்டம் போட்டுத் தந்தார்.

"அலகன், சோற்றை விடு" என்றான் பூன் தெக்.
பன்னிரண்டு கிலோ குறைத்தவன்.
என் பெயரின் ழகரத்தை எப்போதோ விட்டவன்.
"சோறு, ரொட்டி, பழம், எல்லாம் விடு.
நெய்யை மட்டும் விடாதே."
முப்பது வருஷமாக எல்லாரும்
நெய்யைத்தான் விடச் சொன்னார்கள்.
அதனாலேயே அவனை நம்பினேன்.

முதல் வாரம் மூன்றரைக் கிலோ.
பெல்ட்டில் புது ஓட்டை.
புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில்
கோப்பி-ஓ கோசோங் என்று நான் சொன்ன தோரணைக்குப்
பக்கத்து மேசைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

இரண்டாம் வாரம் தலைவலி.
பெட்டி அந்தரத்தில் ஆடும் நேரம் பார்த்து
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
உப்புத் தண்ணீர் குடி என்றான், குடித்தேன்.
கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டு
"நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி
மூச்சு வருது" என்றாள்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
சரக்கில்லாக் கப்பல்
அடிவயிற்றில் கடலை நிரப்பிக்கொண்டு வரும்.
அந்த நீரைக் கொட்டினால் மேலே எழும்பும்,
சிவப்பு வயிறு தெரியும்,
ஒரு பெட்டிகூட இறங்கியிருக்காது.

பாலிகிளினிக்கில் மிஸ் லோவும் அதைத்தான் சொன்னார்.
முதலில் போனது பெரும்பாலும் தண்ணீர்.
"அப்புறம்?"
அப்புறம் கொழுப்பும் குறையும் என்றார், மறைக்கவில்லை.
பசி மட்டுப்படுகிறது, குறைவாகச் சாப்பிடுகிறீர்கள்.
"எத்தனை வருஷம் இப்படிச் சாப்பிடுவீர்கள்?"
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
எதிரே ரொட்டிக் கடை.

மூன்றாம் மாதம் எண்பத்தாறு.
சர்க்கரை இறங்கியிருந்தது.
கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது.
மஞ்சள் வட்டம் இரண்டு வரி தள்ளி
இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவு மின்னல் எச்சரிக்கை.
கிரேன்கள் கழுத்தை உயர்த்தி நின்றுவிட்டன.
மழை விடுவதாக இல்லை, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.
சாவி போட்டுத் திறந்தால்
அடுப்படிக்குப் பின்னால் மட்டும் வெளிச்சம்.
மூங்கில் கழிகளில் ஈரத் துணி,
வாஷிங் மெஷின் மேல் ரைஸ் குக்கர்,
துணிகளுக்கு நடுவே நின்றபடி
கிண்ணத்தில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தாள் கோதை.
என்னைக் கண்டதும் கிண்ணம் முதுகுக்குப் பின்னால் போனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
இவள் சோற்றையே மறைத்தாள்.

"மூணு மாசமா இங்கேயா?"
"உங்க எதிர்ல சாப்பிட வாய் வரல."
கன்னம் நிறையச் சோறு. பாதிதான் கேட்டது.

எட்டுக் கிலோ இறக்கினேன் என்று நினைத்திருந்தேன்.
இருபது வருஷமாக நான் செய்வது
ஓரிடத்தில் தூக்கி இன்னோரிடத்தில் வைப்பது.

குக்கரை உள்ளே எடுத்து வந்தேன்.
ஒரு கரண்டி வைத்தாள், கையை அங்கேயே நிறுத்தினாள்.
போதுமா என்று கேட்கவில்லை,
போதும் என்று நானும் சொல்லவில்லை.
தட்டில் பாதிக்குக் கீரை, ஒரு துண்டு மீன்.
நெய் இல்லை.

இப்போது எண்பத்தெட்டு.
சாயங்காலம் வாய்க்காலோரம் நடக்கிறோம்,
அவள் வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குகிறது.
பூன் தெக் இன்னும் சோறு தொடவில்லை,
நன்றாகத்தான் இருக்கிறான்,
அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது போல.
நான் விட்டதை விட்டுவிட்டேன் என்று
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
கிரேன் லிஃப்ட் மேலே ஏறும்போது
என் டிபன் டப்பாவைப் பார்க்கிறான்.
"அலகன், என்ன வாசனை?"
"முட்டை" என்கிறேன்.