கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு நீளப் பொதி

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
நிமிர்த்தி வைத்தால் கூரைத் தகரம் இடிக்கும்,
படுக்க வைத்தால் கதவு சாத்தாது.
மூன்று மாதமாகக் கட்டிலுக்கடியில் குறுக்கே கிடந்து
ராத்திரி தண்ணீருக்கு எழும் என் சுண்டுவிரலை
இரண்டு முறை பதம் பார்த்தன
யோகேஸ்வரியின் பனிச்சறுக்குப் பலகைகள்.

வெலிங்டனில் வீடு காலி செய்த மேஜரிடம் வாங்கியவை.
கொடுக்கும்போது ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பனி என்று நாங்கள் அறிந்தது
ஜனவரியில் கேரட் இலைமேல் வெளுத்து
ஒன்பது மணிக்குள் இலையைக் கருக்கிப் போவதுதான்.
அதன்மேல் யாரும் சறுக்கியதில்லை.
இவள் விடிகாலை காட்டேரி ரோட்டில்
சக்கரம் வைத்த பலகையில் பழகினாள்.
பால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல்
பின்னாலேயே மெதுவாக வருவார்.

இப்போது குல்மார்க்.
கோவையில் ஒரு விமானம், டெல்லியில் இன்னொன்று,
பதினைந்து கிலோவுக்கு மேல் காசு.

"கட்டுறது என் பொறுப்பு" என்றேன்.
பதினோரு வருடம் கேரட் மூட்டை கட்டுகிறவன் நான்.
கழுவி, ரகம் பிரித்து, தலைமாற்றி அடுக்கி,
அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒரு நுனி உடையாமல்
மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கத் தெரிந்தவன்.

அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கி
இஸ்திரிப் பெட்டியால் அவளே தேய்த்தாள்.
சுரண்டாமல் விட்டால் வழித்தூசி ஒட்டாதாம்.
அதே பெட்டியால் மறுநாள் நான் சட்டை தேய்த்த கதை
இங்கே வேண்டாம்.

வயிறோடு வயிறு சேர்த்து இடையில் பழைய வேட்டி.
முனைக்கு என் குரங்குக் குல்லா.
வாலுக்கு மகனின் ஓட்டைச் சாக்ஸ்.
ஊன்றுகோல்கள் கார்பன், உற்றுப் பார்த்தாலே முறியும் போல.
ஸ்பிரிங்ளர் குழாயில் ஒரு துண்டு அறுத்து
உள்ளே இறக்கி இருபுறமும் மூடி போட்டேன்.
சந்துகளில் அவள் ஜாக்கெட், கையுறை,
கண்ணாடிக்குத் தலையணை உறை.

காலணியை மட்டும் தரமாட்டேன் என்றாள்.
"பை தொலைஞ்சா பலகை கடன் கேக்கலாம்.
இந்தக் காலுக்குப் பழகினதை யார்கிட்டக் கேக்க?"
நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கேரட் தராசில் ஏற்றினோம்: பதினாறு எழுநூறு.
முதலில் வெளியே போனது
நான் ஒளித்து வைத்த வர்க்கிப் பாக்கெட்.

பிறகு கோணூசி. சணல்.
பன்னிரண்டு தையல், ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு.
விரல் நுழைய இடமில்லை.
ராத்திரி இரண்டு மணி லாரியில், மூட்டைகளுக்கு மேல்,
தார்ப்பாய்க்கு அடியில் ஏற்றும்போது
பெனடிக்ட் கேட்டான், "என்னண்ணே, பாடையா?"
முன்சீட்டிலிருந்து ஒரு காலணி அவன் தோளில் விழுந்தது.

மறுநாள் இரவு ஒன்பதுக்குப் போன்.
"வந்திருச்சு. ஒரு கீறல் இல்லை."
எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.
"ஆனா இதை எப்படிப் பிரிக்கிறது?
மூணு பேர் சேர்ந்து இழுத்துட்டோம்.
கடைசியில சமையல்காரர் கத்தி கொடுத்தாரு.
பையோட வாயே கிழிஞ்சு போச்சு.
வர்றப்போ எதை வச்சு மூட?"

மண்டியில் மூட்டையை ஒரே கொக்கியில் கிழிப்பார்கள்.
கேரட் கொட்டும். சாக்கு எங்கோ போகும்.
திரும்பி வருகிற எதையும்
இத்தனை வருடத்தில் நான் கட்டியதில்லை.

இன்று பத்து மணிக்கு அவளுக்குப் பந்தயம்.
கழுவும் தொட்டியோரம் வெறும் சாக்கு ஒன்றை வைத்துக்கொண்டு
உருவுமுடிச்சு போட்டுப் பார்க்கிறேன்.
இழுத்தால் அவிழ்கிறது.
ஈரக் கையால் இழுத்தாலும் அவிழ்கிறது.
"மூட்டை எங்கடா?" என்கிறார் முதலாளி.
இன்னொரு முறை போடுகிறேன்.