பதினெட்டாவது படம்

கெல்சன்கிர்ஷனில், மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால்,
இலவச ரொட்டி வரிசையில் நின்ற எங்களுக்கு
ஆளுக்கொரு கமரா தந்தார்கள்.
மஞ்சள் கடதாசி உறை. இருபத்தேழு படம்.
"உங்கள் வாழ்க்கையை நீங்களே காட்டுங்கள்"
என்றாள் திருமதி பிரிங்க்மன்.
கை நடுங்காமல் பிடிக்கவேண்டும்.
மற்றபடி சுதந்திரம்.

ஹோர்ஸ்ட் தன் வீட்டுக் கதவை எடுத்தார்,
வெளியிலிருந்து மட்டும்.
பெயர்ப்பலகையைத் துலக்கியிருந்தார்.
முப்பத்தொரு வருஷம் இரும்பு உருக்கியவர்
உள்ளே யாரையும் விடுவதில்லை, கமராவையும்.
இவோன் மூன்று பிள்ளைகளின் தலையையும்
தண்ணீர் தொட்டுச் சீவி
பல் வைத்தியரின் வேலியோரம் நிறுத்தினாள்.
அந்தத் தெருவில் அந்த வேலிக்குத்தான் புதுப் பெயின்ற்.

நான் முதல் ஏழு படத்தை வீணாக்கினேன்.
ஐந்தில் என் விரல். இரண்டில் ஒன்றுமில்லை.

படமெடுக்கத் தெரியாது என்றில்லை.
ஊருக்குப் போகும் படங்கள் நான் திட்டமிட்டவைதான்:
கீழ்வீட்டுக்காரரின் வெள்ளைக் காருக்கு முன்னால்,
சாயாமல், ஆனால் நினைத்தால் சாயலாம்
என்ற பாவனையில்.
இரவல் பச்சைச் சேலை.
"அக்கா நல்லா வெளுத்திட்டா" என்று எழுதுவாள் வதனி.
கழிவறைக்கு ஊற்றும் மருந்தும் வெளுக்கும் என்று
நான் பதில் எழுதுவதில்லை.

வேலைக் கந்தோருக்குப் போகிறவள் வேறொருத்தி.
முதலில் மூன்று மாத வங்கித் தாள்கள்,
தாள்களுக்குப் பின்னால் அவள்.
தோட்டைக் கழற்றிவிட்டுப் போவாள்; பித்தளைதான்,
ஆனாலும் மினுங்குகிறது.
ஒருநாள் மறந்துபோய்ச் சிரித்தபடி நுழைந்துவிட்டாள்.
அதிகாரி பல்லைப் பார்த்தான்.
பிறகு பத்திரத்தைப் பார்த்தான்.

இந்த இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நேரங்களில்
நான் இருக்கிறேன். கூட்டுகிறேன், துடைக்கிறேன்.

தை மாதம். பிரிட்ஜுக்குள் பனி ஒரு சாண் தடித்துவிட்டது.
வெள்ளிக்கிழமை விடியவே வயரைப் பிடுங்கி
சாமானெல்லாம் பல்கனிக்குக் கொண்டுபோனேன்:
பால், கீரை, அரைப் பூசணி, மீன்குழம்புச் சட்டி,
திகதி முடிந்ததென்று வரிசையில் தந்த நான்கு தயிர்.
அந்தக் குளிரில் ஊரே ஒரு பிரிட்ஜ்தான்.
தட்டுகளைக் கழற்றி, எலுமிச்சையும் சோடாவும் போட்டுத் தேய்த்தேன்.
உருகிய தண்ணீர் ஆறு வாளி.
கடைசித் துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால்
யாரோ வீதியில் கழித்துவிட்ட அந்தப் பழசு
கடைக் கண்ணாடிக்குள் நிற்பதுபோல் நின்றது,
வெள்ளையாய், உள்ளே விளக்கோடு.
ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் எடுத்தேன்.

நூலகச் சுவரில் அதைத்தான் மாட்டினார்கள்,
ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி.
கீழே ஒரே சொல்: பசி.

ஹோர்ஸ்டின் கதவு ஒரு மூலையில், உள்ளங்கையளவு.
இவோனின் பிள்ளைகள் எங்குமே இல்லை.
இயல்பாக இல்லையாம்.

கம்பளி மேலங்கி போட்ட ஒரு அம்மா
என் கையைப் பிடித்துக்கொண்டா. கண் கலங்கியிருந்தது.
நல்ல மனுசி.
பிரிட்ஜில் பனி உருக்குவதற்கு இந்த மொழியில் ஒரு சொல் உண்டு.
பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த சொல்
அந்த நேரம் பார்த்து வரவில்லை.
"சுத்தம்" என்றேன். "மிகவும் சுத்தம்."
அவ இன்னும் அழுதா.

மேசையில் பாலாடைக்கட்டி, திராட்சை, சின்னச் சின்ன ரொட்டி.
ஹோர்ஸ்ட் ஒரு துண்டும் தொடவில்லை; பார்ப்பார்களாம்.
நான் எடுத்தேன். இரண்டாம் தரமும் எடுத்தேன்.
பசி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்று
ஆறுதலாக மென்றேன்.

போகமுன், சுவரிலிருந்ததைக் கைபேசியில் எடுத்து,
அடியிலிருந்த சொல்லை வெட்டிவிட்டு
ஊருக்கு அனுப்பினேன்.

பஸ் வருமுன்னரே வதனியின் பதில் வந்தது:
"அம்மாடி, எவ்வளவு பெரிய பிரிட்ஜ் அக்கா.
இன்னும் சாமான் வைக்கேல்லையோ?"

இனித்தான், என்று எழுதினேன்.