கிணறு நீங்கலாக

சேலம் வட்டம், கன்னங்குறிச்சி ரோட்டிலிருந்து
உள்ளே மூன்றாவது திருப்பம்.
மேற்படி பூங்காவுக்கு
வடக்கே முப்பதடி பாதை,
கிழக்கே எஸ்தர் கனகமணியின் பதினேழாம் நம்பர் மனை,
தெற்கே வெள்ளிப் பட்டறை,
மேற்கே ஓடை என்று எழுதியிருக்கும்.
இப்போது அதில் ஓடுவது வேறு.

இருபத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தா நான்.
நான்கு எல்லை சொல்லாமல்
எந்த இடத்தையும் பார்க்கத் தெரியாது.

எழுபத்தெட்டில் மனை போட்டபோது
வரைபடத்தில் நாற்பது சென்ட்டைப்
பச்சைப் பென்சிலால் தேய்த்திருந்தார்கள்.
பச்சையைப் பார்த்த மனைகளுக்கு
ஐந்நூறு ரூபாய் கூடுதல்.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு ஷிப்ட் பார்த்து
அந்தம்மா கட்டினார். ரசீது இருக்கிறது,
வாதி தரப்புச் சான்றாவணம் மூன்று.

பச்சை வரவில்லை.
முதலில் யாரோ சோளத்தட்டு அடுக்கினார்கள்.
பிறகு ஒரு ஜவ்வரிசி மில்காரர்
தார்ப்பாய் விரித்து மாவு காயவைத்தார்.
மாசி வெயிலில் பூங்கா கண்ணைக் கூசும் வெள்ளை,
புளித்த வாடை அந்தம்மாவின் தலையணை வரை.
பிறகு ஒரு லாரி, டயரில்லாமல், ஒன்பது வருஷம்.
பிறகு ஒரே ராத்திரியில் ஒரு பிள்ளையார்.
காலையில் பார்த்தால் அவருக்கு மின் இணைப்பு.

"பூங்கா எனக்கு வேண்டாம் சார்.
என் ஐந்நூறு ரூபாய்க்கு என்ன வந்ததென்று
தெரிந்தால் போதும்."
வக்கீலிடம் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்.

பதினொரு வருஷம் வாய்தா.
காத்திருந்த நேரத்தில் கோர்ட் எதிரே
தட்டுவடை செட் தின்ற காசுக்கு
இன்னொரு மனை வாங்கியிருக்கலாம்.
ஒருமுறை நீதிபதி விடுப்பு.
ஒருமுறை கட்டைக் காணவில்லை.
ஒருமுறை கட்டு இருந்தது,
வேறு வழக்கின் கட்டை நான் தூக்கிப் போயிருந்தேன்.
வக்கீலுக்கு இன்றுவரை இது தெரியாது.

கமிஷனர் வந்து அளந்த அன்று
மாக்னசைட் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்.
சர்வேயர் கையில் சங்கிலி
சற்று நின்று, பிறகு நகர்ந்தது.
முப்பத்தேழு சென்ட் என்றார்.
மூன்று எங்கே?
எல்லாரும் பிள்ளையாரைப் பார்த்தோம்.
அவர் இருந்ததோ அரை சென்ட்டில்,
அதுவும் அளவுக்குள்.

மூலப்பத்திரத்தில் அகப்பட்டது.
முப்பத்தொன்றாம் வருஷம் ஒரு பத்திர எழுத்தர்
'கிணறு நீங்கலாக' என்று
வரியின் கடைசியில் நெருக்கி எழுதியிருக்கிறார்.
அந்தக் கிணற்றில் நாலு பங்காளிகளுக்கு முறைநீர்;
வெள்ளிக்கிழமை மட்டும்
மயிலம்மாள் என்று ஒருத்திக்கு,
கவலை ஓட்டிக்கொள்ளும் பாத்தியத்தோடு
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்.

கிணற்றை மூடியது யார்?
வாதியும் சொல்லவில்லை, பிரதிவாதியும் சொல்லவில்லை.
மற்ற ஆறு நாளும் கை மாறிக் கை மாறி
விற்றுத் தீர்ந்ததற்குப் பத்திரம் உண்டு.
வெள்ளிக்கிழமையை யாரும் விற்கவில்லை.

தீர்ப்பு ஆயிற்று, வேலி ஆயிற்று.
சுற்றி வந்தால் நூற்றெண்பது தப்படி நடைபாதை.
திறப்புவிழாக் கல்லில் பதினான்கு பெயர்,
இரண்டு எழுத்துப்பிழை.
காலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கியில் யோகா.

போன வாரம் அந்தம்மா கூப்பிட்டனுப்பினார்:
"மூச்சை இழு, மூச்சை விடு என்று
என் படுக்கையறைக்குள் ஒருத்தன் சொல்கிறான்.
ஒரு மனு எழுதப்பா."

எழுதிக்கொண்டிருக்கிறேன்,
இங்கேயே, சிமெண்ட் பெஞ்சில்.
ஏற்காடு மலைப்பாதையில்
வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன.
'மேற்படி பூங்காவுக்கு வடக்கே' வரை வந்தாயிற்று.

ஊஞ்சலுக்குக் கீழே மட்டும்
சித்திரையிலும் மண் காய்வதில்லை.
பிள்ளைகள் உந்தி உந்திப் பறித்த பள்ளத்தில்
செருப்பு ஒட்டுகிறது.

இன்று வியாழன்.
யாருடைய முறையென்று
கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.